மூன்று ஞாயிறும் ஒரு குசினியும்

பிரசங்கம் செய்வது ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிட வேலைதான்; அதற்குப் பயப்படுவது திங்கள் முதல் சனி வரை முழுநேர வேலை. மேடை ஏறத் தயங்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிட்னியின் டூங்கபியில் கூடும் எங்கள் தமிழ்ச் சபையின் போதகர் விடுப்பில் ஊருக்குப் போனார். வாரநாட்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற என்னிடம் மூன்று ஞாயிறுகள் ஒப்படைக்கப்பட்டன. அதன் பிறகும் எனக்கு முறை கொடுக்கலாமா என்பதைச் செயலாளர் தேவசகாயம் அங்கிள் முடிவு செய்வார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதிரே உட்காருபவர்களோ டாக்டர்களும் இன்ஜினியர்களும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிருந்தது, பயமே அதனால்தான். எந்த ஞாயிறு எந்த வேதபகுதி என்பது அட்டவணையில் முன்பே இருக்கும். தப்பிக்க வழியில்லை.

சமாரியனுக்கு ஊர் தேடியது

முதல் வாரம் நல்ல சமாரியன். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியது, அவன் மதிக்காத இனத்தைச் சேர்ந்த ஒருவன். அதை இன்றைக்குப் பொருத்திச் சொல்ல, நாம் யாரை மதிப்பதில்லை என்று யோசித்தேன். யாரை எழுதினாலும் அவர் எங்கள் சபையில் இருந்தார். டாக்ஸி ஓட்டுநர் என்று எழுதினேன். இரண்டாம் வரிசை முழுக்க அவர்கள்தான். இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்று எழுதி, மை காயுமுன் அடித்தேன். கடைசியில், எங்கள் மாநிலமும் குயின்ஸ்லாந்தும் ரக்பியில் மோதுகிற மாதமாயிற்றே என்று சமாரியனைக் குயின்ஸ்லாந்துக்காரன் ஆக்கினேன். சிட்னியில் யாருக்கு வலிக்கப்போகிறது?

ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்திருந்த தம்பதி கை குலுக்கினார்கள். கணவர் சொன்னார்: "நாங்கள் குயின்ஸ்லாந்து, பிரிஸ்பேனிலை இருந்து வந்தனாங்கள், தம்பி. எங்களை ஒருத்தரும் மதிக்கிறதில்லை எண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

நல்ல பங்கு

அடுத்த வாரம் மார்த்தாளும் மரியாளும். அக்காள் வேலையில் அல்லாட, தங்கை இயேசுவின் காலடியில் உட்கார்ந்து வசனம் கேட்கிறாள். அவளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டவள். எங்கள் சபையில் ஆராதனை நடக்கும்போதே செல்வம் அன்ரியும் இன்னும் சிலரும் குசினியில் ரோல்ஸ் பொரிப்பார்கள். குசினி என்பது யாழ்ப்பாணத்தார் சமையலறைக்குச் சொல்லும் பெயர். அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருப்பது எனக்குத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருங்கள் என்று மனமுருகிப் பேசினேன்.

பாதியில் அன்ரிமார் கை துடைத்தபடி ஒவ்வொருவராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். என் பேச்சுக்கு இவ்வளவு வல்லமையா என்று நெகிழ்ந்துபோனேன். ஆராதனை முடிந்தது, தேநீர் இல்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் பாய்லருக்கு சுவிட்ச் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை, செயலாளருக்கும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் ஊழியமே முடிந்திருந்தது. செல்வம் அன்ரி எழுந்திருக்கவேயில்லை. "நாங்களும் நல்ல பங்கைத் தெரிஞ்சுகொண்டம் தம்பி. தேத்தண்ணியை நீர் போடும்."

தட்டுங்கள்

மூன்றாம் வாரப் பகுதி, 'தட்டுங்கள், அப்பொழுது உங்களுக்குத் திறக்கப்படும்.' கடைசி வாய்ப்பு என்பதால் மேடைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். வெளியே வரத் திருகியபோது கைப்பிடி கழன்று கையோடு வந்தது. போன் மேடையில் பைபிளின் மேல் கிடந்தது. தட்டினேன். சபை அப்போதுதான் பாட்டைத் தொடங்கியது. எங்கள் சபை நன்றாகப் பாடும். பாட்டு முடிந்து, நான் வராததால் இன்னொரு பாட்டும் தொடங்கியது.

கதவு திறந்தபோது மாவுக் கையோடு செல்வம் அன்ரி நின்றார். கோபம் ஆறிக் குசினிக்குத் திரும்பியிருந்தார். அந்த அறைக்கு அடுத்ததுதான் குசினி; தட்டுகிற சத்தம் சுவர் வழியே அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது. "போன கிழமை மாதிரி முன்னுக்கு இருந்து பாடியிருந்தால், நீர் இன்னும் உள்ளுக்கைதான் நிண்டிருப்பீர்."

தயாரித்ததை மடித்து வைத்துவிட்டு, நடந்ததை அப்படியே மேடையில் சொன்னேன். கதவைத் திறந்தவர் மார்த்தாள் என்றும், போன வாரம் அவரைப் பற்றிப் பாதிதான் சொன்னேன் என்றும் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தேநீர்க் கோப்பையோடு தேவசகாயம் அங்கிள் என்னிடம் வந்தார். "மாசம் ஒரு ஞாயிறு நீங்க பேசுங்க தம்பி. எங்க வேணும்னாலும் தயார் பண்ணுங்க, அந்த ரூம் மட்டும் வேண்டாம்."

ஆக, தட்டினால் திறக்கப்படும் என்பது சத்தியம்தான். அதற்கு முந்தைய வாரம் குசினியைப் பகைத்துக்கொள்ளாமல் இருந்தால் சற்றுச் சீக்கிரம் திறக்கப்படும்.