கைதட்டினால் இறங்குகிறவர்

சாயப்பட்டறையில் அவருக்குக் குழாய் பொருத்தும் வேலை. சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் சூரன். கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயுவில் மயங்கி விழுந்த இருவரை, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி வந்தார். அன்று வந்த பட்டம் அது. உணவுக்கூடச் சுவரில் அவர் படம் ஏறியது. தொட்டிக்குள் நல்ல காற்றை ஊதும் இயந்திரம் பழுதானபோது, அதைச் சரிசெய்யும் பேச்சே எழவில்லை. சூரன் இருக்கிறாரே!

அடைப்பு என்றால் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். இறங்குவார். ஏறி வந்ததும் தோளில் தூக்கிக்கொள்வார்கள். அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினாலே இருமல் பிடுங்கியது.

"ஆட்டுக்கு மாலை போடுறது அழகு பாக்கவா?" என்றாள் மனைவி.

"உனக்குப் பொறாமைடி."

"ஆமா, ஆட்டைப் பாத்துப் பொறாமை."

இன்னொரு முறை அந்த வாயுவைச் சுவாசித்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். பட்டறையில் சூரன் அதை மறைத்துவிட்டார். சூரனுக்கு இருமலா என்று சிரிப்பார்களே.

மறுவாரமே தொட்டிக்குள் பம்பு சிக்கிக்கொண்டது. கைதட்டல் தொடங்கியது. ஏணியில் ஒரு கால் வைத்தவரை இருமல் உலுக்கியது. காலை எடுத்துவிட்டார்.

"என்னால முடியலப்பா. காத்து மிஷினைச் சரி பண்ணுங்க, அப்புறம் எறங்கறேன்."

"என்னண்ணே, அண்ணி உத்தரவு குடுக்கலியா?"

சிரிப்பு அடங்கியதும் யாரோ புது வெல்டரின் முதுகில் தட்டினார்கள். "நீதான்டா அடுத்த சூரன்!" கைதட்டல் அவன் பக்கம் திரும்பியது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன். முகமெல்லாம் சிவக்க, சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

இத்தனை காலமும் கைதட்டலுக்குக் குழிக்குள் இறங்கியே பழகிய சூரன், கூட்டத்தை அன்றுதான் மேலிருந்து பார்த்தார். கைதட்டியவர்களில் ஒருவரும் குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டியின் இரும்பு மூடியை இழுத்துச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்தார்.

"எந்திரிங்கண்ணே," என்றான் வெல்டர். "பேரெல்லாம் நீங்களே வாங்கணுமா?"

"பேரை எடுத்துக்கப்பா. குழியை மட்டும் கேக்காத."

"பயந்தாங்கொள்ளி," என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. அன்று அவர் இரண்டாவதாகத் தூக்கி வந்தவன். திரும்பிப் பார்க்காமல் இருமி முடித்தார். எழவில்லை.

கடைசியில் சூப்பர்வைசர் முனகிக்கொண்டே, காற்று இயந்திரத்தைச் சரிசெய்ய மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கூட்டம் கலைந்தது. வெல்டர் மட்டும் முகம் கொடுக்காமல், பொத்தான்களை மாட்டிக்கொண்டு தள்ளி நின்றான். கோபம் தீரவில்லை. தீராவிட்டால் என்ன, மேலே நின்றுதானே கோபப்படுகிறான் என்று சூரன் மூடியின்மேல் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.