ஃபெயிலானதற்கு விருந்து வைத்தவர்

ஆய்வகத்தில் முகக்கவசங்களைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது குளுவாங்கிலிருந்து குரல்பதிவு வந்தது. அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், ஜமீலா அக்காவின் கணவர். "டாக்டரம்மா, ஜமீலா மௌத்தாயிட்டா. காலையில சுபுஹு தொழுகைக்கு எழுப்புனேன், எந்திரிக்கல. சாயங்காலம் அசருக்கு அடக்கம். வந்துருங்க, ஆனா கார மெதுவா ஓட்டுங்க."

மாரடைப்பு என்றார்கள். அக்காவின் பழைய நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத விரும்பவில்லை. அந்தக் கடையில் தேநீர் குடித்த உங்களுக்கு, கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் பகடி செய்த ஜமீலா அக்காவைத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் சைக்கிளில் உட்கார்ந்திருந்த ஜமீலா அக்கா.

ஜோகூர் பாருவில் எங்கள் ஆய்வகம் அப்போது நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். மிதிக்க மிதிக்கப் பளு ஏறும். முகக்கவசம் வழியாக மூச்சுக்காற்றை அளந்து, உடல் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவோம். மறுநாள் அதே சோதனையை மீண்டும் செய்வோம். உடல்நலம் உள்ளவர்கள் ஏறக்குறைய முதல்நாள் அளவையே மறுபடியும் எட்டுவார்கள். இந்த நோயாளிகளில் சிலரால் அது முடிவதில்லை என்று சில ஆய்வுகள் கூறின. எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டார் ஜமீலா அக்கா, முதல்முறை வந்தபோது.

"டாக்டர்தான்க்கா, ஆனா வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல."

"மாத்திர எழுத மாட்டீங்க?"

"மாட்டேன்."

"நல்லது லா. எழுதறவங்க எல்லாம் எழுதி முடிச்சிட்டாங்க."

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்றார். ஒரு நாள் கடையில் நின்றால் அடுத்து வரும் நாள்களில் படுக்கைதான். ரத்தம், ஸ்கேன், எதை எடுத்தாலும் நார்மல். காதர் பாய் அந்தச் சொல்லை உரக்க வாசித்துக் காட்டுவாராம். "அந்த நார்மல் இருக்கே, அது எனக்கு சக்களத்தி மாதிரி. எங்க போனாலும் கூடவே வருது. எங்க வீட்டுக்காரவங்க கெட்டவங்க இல்ல டாக்டரம்மா. ஆனா நான் நடிக்கிறேன்னு நெனைக்கிறாங்க."

முதல்நாள் நன்றாகவே மிதித்தார். முகக்கவசத்தைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி, "பாஸா, ஃபெயிலா?"

"இதுல பாஸ், ஃபெயில் கெடையாதுக்கா."

"சொல்லுங்க லா."

"உங்க வயசுக்கு நார்மல்தான்."

"அலமாக்! சக்களத்தி பஸ் புடிச்சு ஜோகூர் பாருக்கே வந்துட்டாளா!"

கதவுக்கு வெளியே நின்ற காதர் பாய்க்குச் சிரிப்பு. "நான் சொன்னேன்ல, புள்ள. கெளம்பு. கடையில ஆளில்ல. நாளைக்கி வேற எதுக்கு இன்னொரு தடவ?"

ஜமீலா அக்கா எழுந்திருக்கவில்லை. "நாளைக்கி நீங்க வெளிய நிக்கக்கூடாது. உள்ள வந்து ஒக்காந்து பாக்கணும். நாளைக்கும் இதே மாதிரி வந்துச்சுன்னா ரொட்டிக்கு நானே மாவு பெசையறேன். முடியலன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், சாகுற வரைக்கும்."

ஒரே ஒருவரின் முடிவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இரண்டாவது சோதனை நோயை மோசமாக்கவும் கூடும், இதில் பந்தயம் கட்டாதீர்கள் என்றேன்.

"நீங்க சைக்கிள பாத்துக்குங்க. புருஷன நான் பாத்துக்கறேன்."

மறுநாள் சுவரைப் பிடித்தபடி வந்தார். அதே சைக்கிள், அதே பளு. திரையில் நேற்றைய கோட்டின் மேல் இன்றைய கோடு ஏறியது. நேற்று எட்டிய இடத்துக்கு வெகு முன்பே படுத்துவிட்டது.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்றார் காதர் பாய். அவர் கண்முன்னே மறுபடியும் சரிபார்த்தேன். கருவியில் கோளாறில்லை.

"வேணும்னே மெதுவா மிதிக்கிறாளோ?"

நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெளிவிடும் காற்றின் அளவுகளைக் காட்டினேன். உடல் தன் எல்லைவரை முயன்றதா என்பது அதில் தெரியும். அவர் உடல் முயன்றிருந்தது.

காதர் பாய் மண்டியிட்டு மனைவியின் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார். முகக்கவசத்துக்குள்ளிருந்து அடைத்த குரல் கேட்டது: "பாத்தீங்களா? ஃபெயில்! நான் ஃபெயில்!" இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தோற்று நான் பார்த்ததில்லை.

அதற்கு விலை இருந்தது. பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். ஆனால் தேநீர் படுக்கைக்கே வந்தது, கொண்டுவந்தவர் காதர் பாய். எழுந்து நடமாடத் தொடங்கியதும் கடையில் எல்லாருக்கும் பிரியாணி பெலாஞ்சா, காதர் பாய் செலவில் விருந்து. வழக்கமாக வரும் ஒருவர், "என்ன பாய், மக பாஸ் பண்ணிருச்சா?" என்று கேட்டார். "பாஸ் இல்லண்ணே, பொஞ்சாதி ஃபெயிலு." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சாப்பிட்டார். விருந்துகளைத் தவிர்க்கும் நான் இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

அதன் பிறகு ஜமீலா அக்கா தொலைபேசியில் அடிக்கடி கேட்பார், "இன்னும் சந்தேகம்தானா?" ஆமாம் என்பேன். எல்லா நோயாளிகளுக்கும் இப்படி வருவதில்லை. ஏன் வருகிறது என்பதும் முழுதாகத் தெரியாது. "படுங்க, நல்லா சந்தேகப்படுங்க. ஆனா என்னைய மட்டும் சந்தேகப்பட்டா எப்படி? உங்க நார்மலையும் சேத்து சந்தேகப்படுங்க." என் துறையில் இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

காதர் பாய் வைத்துக்கொண்டது வேறு. அடக்கம் முடிந்து சில நாள்கள் கழித்து, "சோதன நாள்ல நான் வந்து ஒக்காரலாமா?" என்று கேட்டார். சென்ற வாரம் பெக்கான் நானாஸிலிருந்து ஒரு பெண் இரண்டாம் நாள் சோதனைக்கு வந்தார். அவர் கணவர் கதவருகே கைப்பேசியை நோண்டிக்கொண்டு நின்றார். காதர் பாய் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தூக்கிவந்த தேநீர்ப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"உள்ள போங்க தம்பி. இங்க நின்னா நார்மலாத்தான் தெரியும்."