அவன் விழுந்த பக்கம்

நான் கண்ணால் கண்ட ஒரு கேட்ச்சை இன்று பஸ்ஸில் வைத்து இல்லையென்று சொல்லிவிட்டார்கள். இது அநியாயம்.

மொன்றியலில் பேஸ்பால் அணி இருந்த காலத்தில் நானும் நண்பர் சிவபாதமும் ஒன்றாகத்தான் ஆட்டம் பார்க்கப் போவோம். ஒருநாள் எங்கள் அணி ஆள் பின்பக்கமாக ஓடி, துள்ளி, பந்தைப் பிடித்தபடியே மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தான். அடித்தவன் அவுட். நாங்கள் வென்றோம்.

இன்று பியர்பொன்ட்ஸ் பக்கம் போகும் பஸ்ஸில் அதைச் சொன்னேன்.

"அது அவுட் இல்லை அண்ணை. பிடிச்சவன் கோட்டைத் தாண்டினால் சிக்ஸ் எல்லோ," என்றார் சிவபாதம்.

"அது கிரிக்கெட்டடாப்பா. இஞ்ச அவுட்தான்."

முன் சீட்டில் இருந்த என் மகள் திரும்பினாள்.

"அப்பா, அவர் வேலியில மோதி இஞ்சால, மைதானத்துக்குள்ள விழுந்தவர் எண்டுதானே போன மாதம் சொன்னீங்கள்?"

வரும் செவ்வாய் என் ஞாபகசக்தியைச் சோதிக்க அவள் என்னை டொக்டரிடம் கூட்டிப்போகிறாள். அங்கே தவறினால் என்னை என் வீட்டில் இனித் தனியாக இருக்க விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிப் பார்த்தேன். அவன் ஓடுவது தெரிகிறது. துள்ளுவது தெரிகிறது. விழுந்த பக்கம் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

சிவபாதம் இனிமேல் கிரிக்கெட் சட்டத்தை வைத்துக்கொண்டு பேஸ்பால் கதைக்கக் கூடாது.

மகள் செவ்வாய்க்கிழமையைத் தள்ளிப்போட வேண்டும்.

அன்று மைதானத்தில் இருந்தவர்கள், அவன் அந்தப் பக்கம்தான் விழுந்தான் என்று இந்த முகநூல் பதிவின் கீழே எழுத வேண்டும். இந்தப் பக்கம் என்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். மகளும் இதை வாசிக்கிறாள்.