உப்புக் கிணறு

அவர் பெயரை நான் கேட்டதில்லை. எண்ணூரில் எங்கள் குப்பத்து நிலத்தைத் தொழிற்சாலைக்காக சர்க்கார் எடுத்துக்கொண்டபோது நாங்கள் வழக்குப் போட்டோம். அதில் சர்க்கார் வக்கீலின் பெரிய குமாஸ்தா அவர். மெலிந்த ஆள், முழங்கை வெளுத்த கறுப்புக் கோட்டு. வக்கீல் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். வேண்டிய காகிதத்தை இவர் உடனே அதில் வைத்துவிடுவார். அப்படி வைத்த ஒன்றில்தான், எங்கள் வீட்டுக் கிணறு உப்புக் கிணறு, குடிக்க உதவாது என்று எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தால்தான் நாங்கள் தோற்றோம். மறுவாரம் அவர் தனியாக மணலில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அதான் கேசு ஜெயிச்சிட்டீங்களே, இன்னும் இன்னாத்துக்கு வந்துகீறீங்கோ?" என்றாள் அம்மா.

"அந்தக் கிணத்துத் தண்ணி கொஞ்சம் வேணும்மா."

அம்மா இறைத்துச் சொம்பில் கொடுத்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவர் ஒரு வாய் குடித்து நிறுத்தினார். பிறகு மிச்சத்தையும் மெதுவாகக் குடித்து முடித்தார்.

"கடலோரம், உப்பாத்தான் இருக்கும்னு குடிச்சுப் பாக்காமலே நானே எழுதிட்டேன்," என்றார்.

"நாளிக்கி மண்ணு போட்டு மூடிடுவாங்கோ."

அம்மா திரும்பாமலே சொம்புக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள். நீட்டிய கையில் உடனே வைத்துப் பழகிய அந்த மனிதர், வெகு நேரம் சொம்பைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.