அண்ணனின் டேங்கில் கசிவு இல்லை

எங்கள் அன்பிற்குரிய அண்ணன் மதுக்கரையில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது. படிப்பை நிறுத்திவிட்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் வேலைக்குப் போய்த் தங்கையான என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, சொந்தப் பட்டறையின் பின்புறத்தில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைத் தாமே கட்டத் தொடங்கினார். ஊரார் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஏழு ஆண்டுகள் உழைத்தார்.

போன ஆண்டு வைகாசியில் பெட்ரோல் டேங்கைச் சோதித்தார். மற்றத் துளைகளை அடைத்து, ஒன்றில் பலூனைக் கட்டி, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றை ஏற்றினார்.

"இன்னுங் கொஞ்சம் அடிக்கலாமுங்களாண்ணா?" என்றேன்.

"வேண்டாங் கண்ணு, தகடு உப்பிப்போடும். நாளைக்கு இதே நேரம் பலூன் இப்படியே நின்னா கசிவு இல்லைன்னு அர்த்தம். அப்புறம் பறக்க வேண்டியதுதான்."

அந்தக் கடைசிச் சொல் என்னைக் கலக்கிவிட்டது. மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரம், பலூனின் முடிச்சைத் தளர்த்திவிட்டேன். அவர் மீண்டும் கட்டினார். மீண்டும் தளர்த்தினேன். சோப்பு நீரைத் தடவி ஒவ்வோர் ஆணியிலும் நுரை வருகிறதா என்று தேடினார். டேங்கையே கழற்றி மூட்டுகளுக்குப் புதிதாகப் பசை பூசினார். மூன்று வாரங்கள் ஓடின. அவர் விரல்கள் வெடித்திருந்ததைப் பார்த்த அன்று என்னால் தாங்க முடியவில்லை.

"டேங்குல ஓட்டையே இல்லீங்கண்ணா. நாந்தான் முடிச்சைத் தளர்த்துனேன். நீங்க உழுந்துபோட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க?"

இரண்டு நாட்கள் அவர் பட்டறையிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் புதுப் பலூனோடு வந்தார். "இந்தா கண்ணு, நீயே கட்டு."

கட்டினேன். மறுநாளும் பலூன் வாடாமல் நின்றது.

அதற்குள், சிறு விமானத்தைப் புரட்டிப்போடக்கூடிய பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. "காத்து அடங்கட்டும், ஐப்பசியில பறந்துக்கலாம்" என்றார். புரட்டாசியில் மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் மூன்றாம் நாள், "காத்து நின்னுதா கண்ணு?" என்று கேட்டார். சன்னலுக்கு வெளியே மரங்கள் அசையவில்லை. "நின்னுபோச்சுங்கண்ணா" என்றேன். அன்று மாலை எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்த மூன்று நாட்களும் உடனிருந்த பட்டறைத் தோழர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும், விமானத்தை இன்றும் தம் கொட்டகையில் பாதுகாக்கும் பக்கத்துத் தோட்டத்தாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அண்ணன் பறக்காமலே போய்விட்டாரே என்று பேசுகிறவர்கள், தடுத்தவள் தங்கைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காற்றில்லாத காலைகளில் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரே ஒரு முறை அவர் பறந்து பார்த்திருக்கலாம்.