அக்காவும், விடியலில் நான் கேட்காத குரலும்

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டுமே இருக்கிறது. இதில் வரும் கெட்டது என்னுடையது. அதை மறைத்தால் அக்காவின் வாழ்க்கையில் பாதியை மறைத்ததாகிவிடும். அவர் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உறவுகளும் நண்பர்களுமாகிய உங்கள் எல்லோர் முன்பாகவும் இதை எழுதுகிறேன்.

கல்முனைக்கு அருகே ஒரு கடலோரக் கிராமத்தில், கரைவலை இழுத்துப் பிழைத்த எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அதற்குக் காரணம் நான்தான். நான் பிறந்ததோடு அம்மா படுக்கையில் விழுந்தார். என்னைத் தூக்க வீட்டில் வேறு கை இருக்கவில்லை. பதினாறு வயதில் அக்கா கல்முனைக்குடியில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனார். கடைக்கார முஸ்லிம் பெண்மணியை, அவர்கள் அக்காவை அழைப்பதுபோல், ‘ராத்தா’ என்றே கடைசிவரை அழைத்தார். அங்கே அவர் தைத்த அபாயா அங்கிகள்தான் என்னைப் படிக்க வைத்தன. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதை இன்றும் தலைநிமிர்ந்தே சொல்வேன்.

அந்த நிமிர்வு சில இடங்களில் அளவு மீறியது. எங்கள் சிறிய சபையில் சனிக்கிழமை பின்னேரம் வாலிபர் கூட்டம் நடக்கும். முடிவில் ஒவ்வொருவரும் எழுந்து, அந்தக் கிழமை ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் தலைவலி சுகமானதைச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்பவள் அல்ல. எனக்குச் சொல் வளம் இருந்தது.

பதினேழு வயதில் ஒரு நாள் எழுந்து, முந்தின நாள் விடியலில் நான் ஜெபிக்கும்போது ஆண்டவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்றேன். மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. உண்மையில் ஒரு வருடமாக என் ஜெபம் சுவரோடு கதைப்பதுபோல்தான் இருந்தது. படித்த பிள்ளை அதை எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா கேட்டார்.

“நேத்து விடிய நீ எழும்பவே இல்லையே புள்ள. நான்தானே ரெண்டு தரம் தட்டினன்.”

“உங்களுக்கு இதெல்லாம் விளங்காதுக்கா. அஞ்சாம் வகுப்பு படிச்சவங்களுக்கு விளங்கிற விசயமில்ல.”

அக்கா முன்னே நடந்தார். வீட்டு வாசலில், “காலக் கழுவிட்டு வா, சோறு போடுறன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை, வழக்கமாக மண்டபத்தைக் கூட்டிப் பாய் விரிப்பதோடு ஒதுங்கி நிற்கும் அக்கா எழுந்தார்.

“எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல. கிழமை முழுக்க ஜெபம் பண்ணினன். ஒண்டும் கேக்கல்ல. வாற கிழமையும் பண்ணுவன். அவ்வளவுதான்.”

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

“அப்ப எனக்கும் ஒண்டும் இல்லக்கா. ஆறு மாசமா ஒண்டும் இல்ல.”

“ஆறு மாசமா வந்துகொண்டுதானேடா இருக்காய், அது என்ன?”

“வராட்டி அம்மா அடிப்பா.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் கூட்டம் பழையபடி இருக்கவில்லை. விசுவாசம் வற்றிப்போன பிள்ளைகளிடம் அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்: பொய் இல்லாத ஒரு வரி ஜெபம். அந்தப் பையனின் முதல் வரி, “ஆண்டவரே, எனக்கு உம்மோட கதைக்க விருப்பமில்ல.” நான் திடுக்கிட்டேன். அக்கா “ஆமென்” என்றார். “இது போதும். வாற சனிக்கிழமை மறுகா வா.” மூன்று மாதம் அதே வரியைச் சொன்னான். பிறகு ஒரு நாள், “அம்மாக்குக் காய்ச்சல். ஏலுமெண்டா பாரும்” என்றான். அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

ஒரு வரியும் வராத பிள்ளைகளை, “ஜெபம் வராட்டிப் பரவால்ல, கை வருமே” என்று கூட்டிக்கொண்டு போய், தனியாக இருந்த ஒரு முதிய அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கச் சொல்வார். போதகர் ஐயா முதலில் பயந்தார். பிறகு அவரே ஒரு சனிக்கிழமை, “எனக்கு நாளைக்குப் பிரசங்கம் வருகுதில்ல” என்றார். “அப்ப நாளைக்கு வெள்ளன வீட்ட போகலாமா ஐயா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

ஆனால் ஒருத்தியை அக்காவால் கூட்டிவர முடியவில்லை. என் மச்சாள், எங்கள் மாமாவின் மகள். நான் அந்தச் சாட்சி சொன்னபோது அவளுக்குப் பதினான்கு வயது. அவளும் விடியலில் எழுந்து தன் பெயருக்காகக் காத்திருந்தாள். எல்லோருக்கும் ஒன்றும் இல்லை என்றால் தாங்கியிருப்பாள். ஒருத்தியை மட்டும் கூப்பிட்டார் என்பதைத்தான் தாங்கவில்லை. “ஆண்டவருக்கு என்ட பேர் தெரியாது போல” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சபைக்கு வருவதை நிறுத்தினாள்.

அக்கா ஞாயிறு பின்னேரங்களில் அவள் வீட்டுக்குப் போவார். வேதாகமம் கொண்டுபோவதில்லை. இறால் உரித்துக் கொடுப்பார், தலை பின்னிவிடுவார், திரும்பி வருவார். என்னிடம் மூன்று தரம், “அத நான் சொல்ல ஏலா. நீதான் சொல்லோணும்” என்றார். மூன்று தரமும் பரீட்சை முடியட்டும் என்றேன்.

முப்பத்து நான்காவது வயதில் அக்காவை நோய் சாய்த்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, “ஒரு வரி சொல்லு புள்ள” என்றார். நான் நீண்ட, அழகான ஜெபம் ஒன்று செய்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு. கன பேர் கேட்டிருக்கலாம்.”

சிரித்தபடிதான் சொன்னார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அதன் பிறகு விடியலில் யாரோ என் பெயரைச் சொன்னதுபோல் விழித்துக்கொள்கிறேன். எழுந்து உட்கார்ந்து கேட்டால் கடல் இரைச்சல் மட்டும்தான். நான் பொய்யாகச் சொன்ன குரலுக்கு இப்போது உண்மையாகவே காது கொடுக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டத்தை நடத்தும்படி பிள்ளைகள் என்னைத்தான் கேட்டார்கள். “உங்கட வரி என்னக்கா?” என்பார்கள். நேரம் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்கொள்வேன்.

போன மாதம் மச்சாள் வீட்டுக்குப் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது பொய். ஒருத்தரும் என்னக் கூப்பிடல்ல. நான் நித்திரையாக் கிடந்தன்.”

அவள் நிமிரவில்லை. “எத்தின விடியல் கிணத்தடியில இருந்தன், தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியாது. உனக்குத் தெரியாது.” ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தாள். “அக்காக்குத் தெரியுமா?”

“ஓம். அண்டைக்கே.”

அப்போதுதான் கத்தி நின்றது. “ஒரு நாளும் உன்னக் காட்டிக் குடுக்கல்லயே அவ.”

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளிடமும் சொன்னேன். அடுத்த கிழமை இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் போகத் தொடங்கியிருக்கிறேன்.

அக்காவின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இரவு பகலாகப் பார்த்த தாதிமார், பெட்டியைத் தோளில் சுமந்த, அப்பாவோடு வலை இழுத்தவர்கள், பின்வரிசையில் இருந்து இன்று இளைஞனாகிக் குழி வெட்ட முன்னின்ற அந்தப் பையன், போதகர் ஐயா ஆகியோரை மறக்க மாட்டோம். ராத்தா மூன்று நாள் கடையைப் பூட்டி எங்கள் வீட்டில் இருந்தார். ஆட்கள் கேட்டபோது, “என்ட தங்கச்சி மௌத்தாகிக் கிடக்கக்குள்ள கடையத் தொறக்கிறதா?” என்றார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் மச்சாளிடம் வாசிக்கக் கொடுத்தேன். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்து, முற்றத்தில் நின்றபடியே வாசித்தாள். கடைசிப் பந்தியில், ‘இன்று அவளும் எங்களோடு ஜெபிக்கிறாள்’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் பேனை கேட்டாள்.

“இத ஆரு சொன்ன? நான் இன்னும் இல்லயே.”

வரியை வெட்டிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். அவள் வெட்டியபடியே கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் எங்கள் நன்றி.