ஏர் ஃபில்டருக்குள் வைத்த பூ

பிள்ளைகளா, ஆயுத பூஜைக்கு நம் காருக்கு மட்டும் ஏன் பூ வைப்பதில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் பூஜைக்காக, இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் பெட்டியைச் சுத்தம் செய்தேன். எல்லாவற்றுக்கும் பூ வைக்கிறோமே, இன்ஜினுக்கும் வைப்போம் என்று ஒரு துண்டு மல்லிகைச் சரத்தை அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மறுநாள் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கே சேர்த்திருந்த உங்கள் மாமாவுக்கு, அத்தையின் கணவருக்கு, மோசமாகிவிட்டது. விளக்கேற்றத் தன் கடலூர் வீட்டுக்கு வந்திருந்த அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி திணறி நின்றது.

பின்னால் பஸ் வந்தது. "நான் பஸ்ஸுல போயிடறேண்ணே."

"இரும்மா, நம்ம வண்டி இருக்கறப்ப பஸ்ஸு எதுக்கு? இப்ப சரியாயிடும்."

என் பேச்சைக் கேட்டு நின்றாள். அடுத்தடுத்து பஸ்கள் போயின. மெக்கானிக் வந்து, காற்றுக் குழாயிலிருந்து நாரோடு பூவை உருவினார்.

"என்னாண்ணே, இன்ஜினுக்குள்ளயா பூ வெப்பாங்க?" என்று சிரித்தார்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் மாமா போய்விட்டார்.

"வாசலயே பாத்துனு இருந்தாரும்மா," என்றார் நர்ஸ்.

அத்தை என்னைத் திட்டவில்லை. "பஸ்ஸுல போயிருப்பேண்ணே," என்றாள். பூவை விட, அவளை நிறுத்திய என் வீம்புதான் இன்றும் கசக்கிறது.

அவள் மாமாவின் உடலோடு ஆம்புலன்ஸில் போக, நான் தனியாகத் திரும்பினேன். அவள் வீட்டுத் தெருமுனையில் காரை நிறுத்தி, முன்னால் கட்டியிருந்த மாலையை அவிழ்த்தேன். கண்ணாடியிலிருந்த சந்தனம், குங்குமத்தை என் துண்டால் துடைத்தேன். அதன் பிறகே தெருவுக்குள் போனேன்.